வேலைக்குச் செல்ல எந்த சைக்கிள்? – வாசகர் கேள்வி பதில்

வேலைக்குச் சென்று வர ஏற்ற சைக்கிள் எது என்று கேட்டுக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான விடை சற்று நீண்டுவிட்டது. மற்றவர்கள் கேட்டவற்றில் பாதிக்கு அதிலேயே பதில் இருப்பதால், எல்லோரும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்விக்கு வருவது நல்லது.

கேள்வி: எனக்கு வயது 41. வில்லியனூரில் வசிக்கிறேன். புதுச்சேரியில் புஸ்ஸி வீதிக்கு அருகே ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஸ்கூட்டரை விட்டுவிட்டு சைக்கிளுக்கு மாற விரும்புகிறேன். வாரத்தில் மூன்று நாளாவது புடவைதான் கட்டுவேன். சாப்பாட்டுப் பை, கைப்பை, மழைக்காலத்தில் ரெயின்கோட்டு எல்லாம் உடன் வரவேண்டும். கடையில் 21 கியரும் முன்பக்க ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள ஒரு சைக்கிளைக் காட்டி, 'மேடம், இதைவிடச் சொகுசான வண்டி கிடையாது' என்கிறார்கள். வாங்கலாமா ஐயா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: வேண்டாம், அம்மா. இதை அனுபவப்பட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே பேச்சை நம்பி, இதே மாதிரி ஒரு வண்டியை நானும் வாங்கினேன். வாங்கிய முதல் மாதம் தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் முன்பக்க ஷாக்கின் குழாய்களில் உப்புக்காற்று பட்டுத் துருவேறி, அது அமுங்குவதையே மறந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள ஓர் இரும்புத் துண்டை நாள்தோறும் சும்மா சுமந்துகொண்டு போனேன் என்பதுதான் மிச்சம். அலுவலக சைக்கிள் நிறுத்தத்தில் பக்கத்து வண்டி சாய்ந்து என் வண்டியின் வலப்பக்கம் விழுந்தது. பின்சக்கரத்துக்கு அருகே தொங்கும் கியர் மாற்றி விரலளவு உள்ளே வளைந்தது. அன்று முதல் 21 கியரில் எனக்கு வாய்த்தவை நான்குதான்.

மலைப் பாதைக்கென்று வடிவமைக்கப்பட்ட வண்டியின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விலை குறைந்த பாகங்களைப் பூட்டி விற்பதால் வரும் வினை இது. தரமான ஷாக் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது மட்டுமே நீங்கள் நினைத்திருக்கும் விலையைத் தாண்டிவிடும். மேலும் உங்கள் வழியில் மலை எங்கே இருக்கிறது? சுல்தான்பேட்டை, அரும்பார்த்தபுரம், மூலக்குளம், ரெட்டியார்பாளையம், இந்திராகாந்தி சதுக்கம், நெல்லித்தோப்பு என்று வந்தால், அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் ஏற்றம். அதற்காக 21 கியர் வாங்குவது, வீட்டில் ஒரு படி இருக்கிறது என்பதற்காக லிஃப்ட் வைப்பது போன்றது.

கியரைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், ஒரு மிதிக்கு வண்டி 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 50 சுற்று என்று அவசரமில்லாமல் மிதித்தால் 250 மீட்டர், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். உங்கள் 10 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடந்துவிடலாம். சிக்னல்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் 50 நிமிடம். இதற்கு ஒற்றைக் கியரே போதும். மிதிப்பது கனமாகத் தோன்றினால் வண்டியை மாற்ற வேண்டியதில்லை. 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் உள்ளதைப் போடச் சொல்லுங்கள். ஒரு மிதிக்கு 5 மீட்டர் என்பது நாலரை மீட்டராகக் குறையும், முழங்காலுக்கு அந்த அரை மீட்டர் நன்றாகவே தெரியும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க நேரலாம். அரை மணி நேர வேலைதான், ஆயினும் எந்தக் கடைக்காரரும் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்.

ஒற்றைக் கியரை நான் வலியுறுத்துவதற்குப் புடவையும் ஒரு காரணம். செயினை முழுதாக மூடும் செயின் கவரை ஒற்றைக் கியர் வண்டியில்தான் பொருத்த முடியும். பின்புறம் செயின் பல்லுக்குப் பல் தாவும் கியர் வண்டியில் அதற்கு இடமிருக்காது, மேலே ஒரு பாதி மறைப்புத்தான் கிடைக்கும். புடவையின் கொசுவமும் சுடிதாரின் துப்பட்டாவும் போக விரும்பும் இடங்கள் இரண்டு, ஒன்று செயின், மற்றது பின்சக்கரக் கம்பிகள். ஆகவே முழு செயின் கவரும், பின்சக்கரத்தின் இருபுறமும் வலை போன்ற டிரஸ் கார்டும் உள்ள, நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத 'லேடீஸ்' வகை வண்டியைக் கேளுங்கள். அந்தப் பெயர்தான் அப்படி. முதுகு வலி உள்ள ஆண்களுக்கும், பின்னால் மூட்டை வைத்திருப்பதால் காலைத் தூக்கிப் போட முடியாதவர்களுக்கும் அந்த வண்டிதான் வசதி. மீசை வைத்தவர் அதில் ஏறினால் சிரிப்பார்கள் என்ற கூச்சத்தைப் புதுச்சேரி எப்போதோ கடந்துவிட்டது. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் முதியவர்கள் அத்தகைய வண்டிகளில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்த நிமிர்ந்த இருக்கையில்தான் சொகுசின் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது. ஹேண்டில்பாரின் கைப்பிடி சீட்டைவிடச் சற்று உயரத்திலும், கை எட்டிப் பிடிக்க வேண்டாத அளவு அருகிலும் இருக்க வேண்டும். குனிந்து ஓட்டும் வண்டியில் உடலின் எடையில் ஒரு பகுதி மணிக்கட்டுக்குப் போய்விடும். அரை மணி நேரத்துக்குப் பின் உள்ளங்கை மரத்துப் போவது அதனால்தான். நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை முழுவதும் சீட்டில் இறங்கும். எனவே அதற்கு அகலமான, அடியில் சுருள்வில் உள்ள சீட்டு வேண்டும். மெத்தென்று அமுங்கும் ஜெல் உறைகளைக் கடையில் விரலால் அழுத்திப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். உட்காரும்போது உடலைத் தாங்குபவை இரண்டு எலும்பு முனைகள். அவற்றுக்குக் கெட்டியான ஊன்றுதளம் கிடைக்காவிட்டால், அமுங்கிய ஜெல் நடுப்பகுதியில் புடைத்து, மென்மையான தசையை அழுத்தும். இரண்டு கிலோமீட்டர் வரை சுகமாக இருக்கும் சீட்டு, பத்தாவது கிலோமீட்டரில் பகையாவது இப்படித்தான். சீட்டின் மூக்கை மட்டமாகவோ, இம்மியளவு கீழ்நோக்கியோ வைக்கச் சொல்லுங்கள்.

உயரத்துக்கு வீட்டிலேயே அளவெடுத்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே முட்டும்வரை உயர்த்திப் பிடித்து, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை சென்டிமீட்டரில் அளந்து, அதை 0.88 ஆல் பெருக்குங்கள். 74 சென்டிமீட்டர் என்றால் 65 வரும். பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை அந்த அளவு இருக்க வேண்டும். சிக்னலில் கால் ஊன்ற வேண்டியவர்கள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் குறைக்கக் கூடாது. பெருக்கல் பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும், பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு தானாக வந்துவிடும்.

சாலைக் குலுக்கலைத் தாங்குவது ஷாக் அல்ல, டயரிலுள்ள காற்று. 26 அங்குலத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் வரை அகலமான, மேற்பரப்பு வழவழப்பான டயர் உங்களுக்குப் போதும். கட்டை கட்டையாகப் பூவேலை செய்த டயர், தார்ச்சாலையில் கரகரவென்று சத்தமிட்டுக்கொண்டு உங்கள் உழைப்பைத் தின்னும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் எடைக்கேற்ப அதிலிருந்து சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை காற்றடிப்பது கட்டாயம். 'பஞ்சர், பஞ்சர்' என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் காற்றில்லாத டயரைக் குழியில் இறக்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூபை நசுக்கியவர்கள்.

பிரேக்கில் டிஸ்க் வேண்டாம். ஆனால் ரிம் எது என்பதைக் கட்டாயம் பாருங்கள். பளபளவென்று குரோமியம் பூசிய இரும்பு ரிம், நனைந்துவிட்டால் ரப்பர் பிரேக் கட்டைக்கு எளிதில் பிடி கொடுக்காது. சக்கரம் சில சுற்று வழுக்கிச் சென்று, நீரைத் துடைத்த பின்தான் பிடிக்கும். ஐப்பசி மழையில் நெல்லித்தோப்பு சிக்னலுக்கு வரும்போது அந்தச் சில சுற்றுகள் மிக நீளமானவை. அலுமினிய ரிம்மில் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். நீங்கள் வாங்கும் வண்டியில் அது இல்லையென்றால், பணம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் பொருள் அதுதான். பெயின்ட் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

மட்கார்டு, கேரியர், முன்கூடை, ஸ்டாண்டு நான்கும் வண்டியோடு வரவேண்டும். ஆடம்பர வண்டிகளில் இவற்றைக் கழற்றிவிட்டுத் தனித்தனி விலை சொல்கிறார்கள். சாப்பாட்டுப் பையைக் கேரியரில் வையுங்கள். முன்கூடையில் கனம் ஏறினால் ஹேண்டில் ஆடும். அங்கே கைப்பையும் ரெயின்கோட்டும் மட்டும் இருக்கட்டும். விலையைப் பொறுத்தவரை, நான் சொன்ன வகை வண்டி பதினைந்தாயிரம் ரூபாயைத் தொடத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பில்லில் அந்த வரியைப் பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்குக் காற்று துணை நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வில்லியனூர் மேற்கே, அலுவலகம் கிழக்கே. ஆனி ஆடியில் காலையில் வீசும் மேல்காற்று உங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். பிற்பகலில் கடலிலிருந்து எழும் கொண்டல், மாலையில் உங்களை வீட்டுப் பக்கம் தள்ளும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வடக்கு நோக்கி மிதிப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கார்த்திகை மாத வாடை அவர்கள் நெஞ்சில்தான் மோதும். அதற்குப் பதிலாக வெயில் உங்களைப் பிடித்துக்கொள்ளும். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் போவதால் இரு வேளையும் சூரியன் நேர் கண்ணில் அடிக்கும். நெற்றியை மறைக்கும் விளிம்புத் தொப்பி அணிந்தால் உங்கள் கண் தப்பும். உங்களுக்குப் பின்னால் வரும் லாரிக்காரருக்கும் அதே வெயிலில் கண் கூசும் என்பதால், வெளிர் மஞ்சளோ ஆரஞ்சோ முதுகில் தெரியும்படி ஏதேனும் இருக்கட்டும்.

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை செய்கிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலம், முதுநகர் வழியாகப் போக வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து இருட்டில் திரும்பும் நாட்கள் உண்டு. டைனமோ நல்லதா, பேட்டரி விளக்கு நல்லதா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: இரண்டும் வேண்டும் என்பேன். டயரின் பக்கத்தில் உருளும் பழைய டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட் தரக்கூடியது. சார்ஜ் போட மறந்தாலும் அது கைவிடாது. ஆனால் மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில், பின்னால் கனரக வண்டிகள் வரும்போது பஞ்சராகி ஓரத்தில் நிற்கும் நேரத்தில்தான் வெளிச்சம் மிகவும் தேவை. அந்த நேரத்தில் டைனமோ இருளடைந்திருக்கும். ஆகவே பின்பக்கச் சிவப்பு விளக்கு மட்டுமாவது பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும். அதைச் சீட்டுக்குக் கீழே கட்டினால் சட்டை மறைக்கும், கேரியரின் பின் விளிம்பில் கட்டுங்கள். முன்விளக்கு எதிரே வருபவரின் முகத்தில் அடிக்காமல், உங்களுக்கு ஐந்தாறு மீட்டர் முன்னே தரையில் விழும்படி சாய்ந்திருக்க வேண்டும். நம் சாலைகளில் நமக்கு முதல் எதிரி குழிதான்.

பெடலின் முன்னும் பின்னும் பதித்திருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர்களைக் கழற்றிவிடாதீர்கள். அவை மேலும் கீழுமாக அசைவதால், அது ஒரு சைக்கிள் என்று தூரத்திலேயே ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். நிலையாக மின்னும் விளக்கை மைல்கல் என்றும் தடுப்புக்கம்பம் என்றும் கண் ஏமாந்துவிடக்கூடும். இரவு இரண்டு மணிக்குப் பஞ்சர் கடை திறந்திருக்காது என்பதால் ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு டியூப் மாற்றிப் பழகுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தச் சாலையில் தெருவிளக்கு இல்லாத இடம் ஒன்று வாய்க்கும்போது புரியும்.

கேள்வி: அப்பா ஓட்டிய 28 அங்குல ஹெர்குலிஸ் வீட்டில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்குத் தினமும் அதில் போகலாமா? பாகங்கள் கிடைக்குமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தாராளமாகப் போகலாம். 1949-இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் உருவான அந்த வகை வண்டிக்கு 28 × 1½ என்ற அளவில் டயரும் டியூபும் சந்தைத் தெருவிலுள்ள எந்த சைக்கிள் கடையிலும் இன்றும் கிடைக்கும். சாஹிபாபாத்தில் இருந்த அட்லஸ் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, மூடப்பட்ட செய்தியைப் படித்துவிட்டுத் தங்கள் பழைய அட்லஸை எடைக்குப் போட்டவர்களை அறிவேன். அது வீண் அவசரம். இந்தக் கறுப்பு வண்டிகளின் பாகங்கள் பெரும்பாலும் நிறுவனம் விட்டு நிறுவனம் பொருந்துபவை.

அந்த வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் அதிகம். முன் ஃபோர்க் முன்னோக்கி நன்றாக வளைந்திருக்கும். மேட்டிலும் பள்ளத்திலும் அந்த வளைவே வில்லாக இருந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும். துருப்பிடிக்க அதில் தனியாக ஒரு ஷாக் இல்லை. 20 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பது உண்மைதான், ஆனால் சமதரையில் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அந்தக் கனம் அவ்வளவாகத் தெரியாது.

வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். குறுக்குக் கம்பியின் மேல் இரு கால்களையும் பரப்பி, செருப்போடு தரையில் தட்டையாக நில்லுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். அப்பா உங்களைவிட உயரமாக இருந்து அந்த இடைவெளி வராவிட்டால், சீட்டை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை, அவர் நினைவாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஹேண்டில் குழாயோடு குறுக்குக் கம்பிகள் சேரும் இடத்தையும், ஃபோர்க்கின் தலைப் பகுதியையும் துணியால் துடைத்து, பெயின்டில் மயிரிழைக் கீறல் தெரிகிறதா என்று வெயிலில் பாருங்கள். கீறல் இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்ட நினைக்காதீர்கள். இல்லையென்றால் ஓவராயில், அதாவது முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டும் வேலை, பண்ணச் சொல்லி, அச்சுகளுக்குள் உருளும் குண்டுகளான பால்ரஸ், அவற்றைத் தாங்கும் கப், கோன், பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின், பிரேக் கட்டை, செயின் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். முதலில் சொன்ன இரும்பு ரிம் எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்; மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: வயது 58. லாஸ்பேட்டையிலிருந்து கோரிமேடு பக்கம் வேலைக்குப் போகிறேன். சைக்கிள் மிதித்தால் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. மின்சார சைக்கிள் வாங்கச் சொல்கிறான் மகன்.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: மருத்துவரிடம் காட்டிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் முதலில் சீட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டும். சிறுவயதில் குரங்குப் பெடல் அடித்துப் பழகிய நம் தலைமுறைக்கு, இரண்டு பாதமும் தரையில் பாவினால்தான் பத்திரம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. அதனால் சீட்டைத் தாழ்த்திவைத்து, முழங்கால் மார்புவரை வரும்படி மிதிக்கிறோம். குதிகால் கணக்குப்படி சீட்டை உயர்த்தி, நாளுக்கு ஒரு சென்டிமீட்டராகப் பழகி, இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். வலி குறைந்தால் மகனுடைய பணம் மிச்சம்.

குறையாவிட்டால் மகன் சொல்வதைக் கேளுங்கள். கோரிமேடு என்ற பெயரிலேயே மேடு இருக்கிறது; எதிர்க்காற்றில் அந்தச் சரிவை ஏற மோட்டாரின் துணை கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் உள்ள வண்டிக்குப் பதிவெண் தேவையில்லை. பேட்டரியைத் தனியே கழற்றி மாடிக்கு எடுத்துச் சென்று சார்ஜ் போடக்கூடிய வண்டியாக இருக்கட்டும். பேட்டரி தீர்ந்த நிலையில் அதைக் கடையின் வாசலிலேயே ஒரு கிலோமீட்டர் மிதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் ஒருநாள் அப்படி மிதித்துக்கொண்டுதான் வீடு வரவேண்டியிருக்கும்.

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிள் சும்மா நிற்கிறது. நான் வேலை செய்யும் துணிக்கடை நான்கு கிலோமீட்டர். அதையே ஓட்டலாமா, புதிது வாங்க வேண்டுமா?
– வாசகி, கடலூர் புதுநகர்

பதில்: அதையே ஓட்டுங்கள். நான்கு கிலோமீட்டருக்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை நான் சொல்ல முடியாது. சும்மா நின்றதால் டயர் வெடித்திருக்கும், காற்றடிக்கும் வாயிலுள்ள ரப்பர் வால்டியூப் இற்றுப்போயிருக்கும், பிரேக் கட்டை கல்லாகியிருக்கும். அந்த மூன்றையும் மாற்றி, அகலச் சீட்டு ஒன்றைப் போட்டு, சீட்டையும் ஹேண்டிலையும் உங்கள் அளவுக்கு உயர்த்திக்கொண்டால் போதும். உயர்த்தும்போது சீட்டுக் குழாயில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று காட்டும் கோடு வெளியே தெரியக் கூடாது.

கேள்வி: வியர்வையோடு அலுவலகத்துக்குள் நுழைய வெட்கமாக இருக்கிறது.
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு மெதுவாக மிதியுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் இன்னும் மெதுவாக. முதுகில் பை மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள், வியர்வையில் பாதி அந்தப் பையால் வருவது. சட்டையை அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஈரத்துண்டு ஒன்று இருந்தால் மே மாதத்தையும் கடந்துவிடலாம்.

கேள்வி: கடலுக்கு அருகே வீடு. எந்த சைக்கிள் வாங்கினாலும் இரண்டு ஆண்டில் துருப்பிடித்துவிடுகிறது. போன மழையில் தண்ணீரில் வேறு நின்றுவிட்டது. துருப்பிடிக்காத சைக்கிள் எது?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: அலுமினியச் சட்டமுள்ள வண்டி வாங்கினாலும் செயின், ஃப்ரீவீல், பால்ரஸ், பிரேக் ஒயர் எல்லாம் இரும்புதான். சக்கரக் கம்பிகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்கலாம். அந்தச் செலவு வீண்போகாது. மற்றபடி வண்டியைவிடப் பராமரிப்புத்தான் பேசும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த பின் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது பிசினாகி மணலைப் பிடிக்கும். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு எண்ணெய் போடாமல் விடுவது அதைவிடக் கேடு.

வெள்ளத்துக்கு ஓர் அளவு உண்டு. 28 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெடல் அச்சு அதைவிடத் தாழ்வு. தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் ஏறிய சாலையில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாலே பெடல் அச்சுக்குள் நீர் புகுந்துவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையாறு கரைபுரண்டபோது கடலூரில் நனைந்து நின்ற வண்டிகளில் பல, வெளியே துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு, உள்ளே சேற்றோடு ஓடித் தேய்ந்தன. நீரில் நின்ற வண்டியை அந்த வாரமே கொடுத்து, இரண்டு சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் தலை நான்கையும் பிரித்துப் பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கடையில் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பூவரச மரத்தடியில் நான் போகும் கடைக்காரர், சக்கரக் கோட்டம் எடுக்கும்போது அதற்கென்று விற்கும் கருவி எதையும் தொடுவதில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கட்டைவிரலை ஃபோர்க்கில் ஊன்றி, நகத்தின் நுனியை ரிம்முக்கு நூலளவு விட்டு வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவார். நகத்தில் ரிம் உரசும் இடம் வந்ததும் சக்கரத்தை நிறுத்தி, அந்தக் கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளில் கால் திருகு. மீண்டும் ஒரு சுற்று. மீண்டும் கால் திருகு. உரசல் சத்தம் முற்றிலும் நிற்கும்வரை யார் பேசினாலும் பதில் வராது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகக்கூடிய தொலைவில் இருக்கிறாரா என்று விசாரித்து, அவரால் பிரித்துப் பூட்ட முடிகிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.